வெள்ளைபடுதல்: பழி வேண்டாம், வைத்தியம் வேண்டும்

பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றில் தாய்மாருக்கான கூட்டத்தை முடித்துவிட்டு, பிள்ளைக்காம்பராவின் கதவைச் சாத்திக்கொண்டிருந்தோம். எல்லோரும் போன பிறகும் ஒரு தங்கை மட்டும் வாசலில் நின்றாள்.

"மிஸ், ஒன்னு கேக்கணும். தப்பா நெனைச்சிக்காதீங்க. வெள்ளபடுறது கெட்ட நோயா? நான் எந்தத் தப்பும் செய்யல மிஸ்."

சொல்லும்போதே அழுதுவிட்டாள். கணவருக்குக் கொழும்பில் கடையில் வேலை. இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் வீட்டுக்கு வருவார். இவளுக்குத் தாங்க முடியாத அரிப்பும் எரிச்சலும். கணவரிடம் சொன்னபோது அவர் ஒன்றும் பேசவில்லை. மாமியார் பேசினார். லயமே கேட்கும்படி பேசினார். அதன்பின் எட்டு மாதமாக இவள் வைத்தியரிடம் போகவில்லை. போனால் குற்றத்தை ஒப்புக்கொண்டது போலாகிவிடும் என்று பயம்.

சகோதரிகளே, இந்தக் கேள்வியை மனதுக்குள்ளேயே வைத்துக்கொண்டிருப்பவர்கள் நம்மில் எத்தனை பேர்? நான் வைத்தியர் அல்ல. சமூகவியல் படித்து, ஊவாத் தோட்டங்களில் பெண்களோடு வேலை செய்பவள். வைத்தியர்களிடமும் மருத்துவ மாதுக்களிடமும் கேட்டும் படித்தும் அறிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன்.

எல்லா வெள்ளையும் நோயல்ல

வாயில் உமிழ்நீர் ஊறுவது போல யோனியிலும் நீர் சுரக்கும். மாதவிடாய்க்கு இடைப்பட்ட நாட்களிலும் கர்ப்ப காலத்திலும் அது கூடுதலாக இருக்கும். நிறமில்லாமலோ வெண்மையாகவோ, கெட்ட வாடையும் அரிப்பும் இல்லாமல் இருந்தால் அது இயற்கையானது. "எலும்பு உருகி வெள்ளையாகப் போகிறது" என்று பெரியவர்கள் சொல்வது உண்மையல்ல.

யோனிக்குள் நன்மை செய்யும் பக்டீரியாக்கள் வாழ்கின்றன. அவை ஒருவகை அமிலத்தை உண்டாக்கி, தீய கிருமிகள் பெருகாமல் காவல் காக்கின்றன. அந்தக் காவல் குலையும்போதோ வெளியிலிருந்து கிருமி வரும்போதோதான் தொற்று ஏற்படுகிறது. அதிகமாகக் காணப்படும் தொற்றுகள் மூன்று.

முதலாவது, கன்டிடா என்னும் பங்கசுத் தொற்று. தயிர்க்கட்டி போன்ற வெள்ளை, கடும் அரிப்பு, சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல் ஆகியவை இதன் அறிகுறிகள். பெண்களில் நான்கில் மூன்று பேருக்கு வாழ்நாளில் ஒருமுறையாவது இது வரும் என்கிறார்கள். அன்டிபயோட்டிக் மாத்திரை எடுத்த பின்பும், கர்ப்ப காலத்திலும், சீனி வியாதி உள்ளவர்களுக்கும் கூடுதலாக வரும். இது பாலியல் நோய் அல்ல. திருமணமாகாத பெண்ணுக்கும் வரும். கணவருக்கு அறிகுறி எதுவும் இல்லையென்றால் பொதுவாக அவருக்கு மருந்து தேவையில்லை.

இரண்டாவது, பக்டீரியல் வஜினோசிஸ். நல்ல பக்டீரியா குறைந்து வேறு வகைகள் பெருகுவதால் வருவது. சாம்பல் நிறத்தில் நீர்போல வெள்ளைபடும். மீன் வாடை அடிக்கும். அரிப்பு அதிகம் இருக்காது. இதை நீண்ட காலமாகப் பாலியல் நோய்களின் பட்டியலில் சேர்க்கவில்லை. ஆனாலும் உடலுறவுக்கும் இதற்கும் தொடர்பு உண்டு. 2025இல் வெளியான அவுஸ்திரேலிய ஆய்வொன்றில் 164 தம்பதியர் பங்குபற்றினர். பெண்ணுக்கு மட்டும் சிகிச்சை கொடுத்தபோது 12 வாரங்களுக்குள் 100க்கு 63 பேருக்கு நோய் திரும்பியது. ஆணுக்கும் சேர்த்துக் கொடுத்தபோது அது 35 ஆகக் குறைந்தது. ஆணின் தோலிலும் இந்தக் கிருமிகள் தங்குகின்றன என்பதே காரணம். ஒருவருக்கொருவர் உண்மையாக வாழும் தம்பதியருக்கும் இது திரும்பத் திரும்ப வரலாம்.

மூன்றாவது, டிரைக்கோமோனாஸ். இது கண்ணுக்குத் தெரியாத ஓர் ஒட்டுண்ணி. மஞ்சள் அல்லது பச்சை கலந்து, சிலருக்கு நுரையோடு வெள்ளைபடும். நாற்றமும் எரிச்சலும் இருக்கும். மூன்றில் இதுதான் பாலியல் நோய். 2020இல் மட்டும் உலகில் 15 கோடியே 60 இலட்சம் பேருக்குப் புதிதாக இது தொற்றியதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. மாத்திரையால் முழுமையாகக் குணமாகும். ஆனால் கணவன், மனைவி இருவரும் ஒரே காலத்தில் மருந்து எடுக்கவேண்டும். ஒருவர் மட்டும் எடுத்தால் மற்றவரிடமிருந்து திரும்பவும் தொற்றும்.

அப்படியானால் குற்றவாளி யார்?

இந்த ஒட்டுண்ணி எந்த அறிகுறியும் காட்டாமல் மாதக்கணக்கில் உடம்பில் இருக்கக்கூடும். ஆண்களில் பெரும்பாலானோருக்கு ஒன்றுமே தெரியாது. ஆகவே அறிகுறி யாருக்கு முதலில் வந்தது என்பதை வைத்து, யார் கொண்டுவந்தது, எப்போது வந்தது என்று சொல்ல முடியாது. அரிப்பைச் சொன்னவள்தான் தவறு செய்தவள் என்பது அநியாயம். பாலியல் நோயாகவே இருந்தாலும் அதற்குத் தேவை வைத்தியம்தான், விசாரணை அல்ல.

"புள்ள வயித்துல இருக்கும்போது ரத்தம் செக் பண்ணுனாங்களே, ஒன்னும் இல்லன்னாங்களே?" என்று சிலர் கேட்கிறார்கள். அந்தப் பரிசோதனையில் சிபிலிஸ், எச்.ஐ.வி. ஆகியவற்றைப் பார்ப்பார்கள். மேலே சொன்ன மூன்றும் இரத்தத்தில் தெரியாது. வைத்தியர் பார்த்து, தேவையானால் வெள்ளையை எடுத்து ஆய்வுகூடத்தில் சோதிக்கவேண்டும்.

நாம் செய்யும் தவறுகள்

சவர்க்காரம், டெட்டோல், படிகார நீர் கொண்டு உள்ளே கழுவுவது பெரிய தவறு. காவல் காக்கும் பக்டீரியாவையே அது அழித்துவிடும். வெளிப்புறத்தை மட்டும் வெறும் தண்ணீரால் கழுவினால் போதும். மலையில் மழையில் நனைந்தால் வீட்டுக்கு வந்ததும் உள்ளாடையை மாற்றுங்கள். பருத்தி உள்ளாடையே நல்லது.

மருந்துக்கடையில் பூச்சு மருந்து வாங்கிக் காலம் கடத்துவது அடுத்த தவறு. அதை நானும் செய்தவள். தொண்டை நோவுக்கு அன்டிபயோட்டிக் எடுத்த பின் எனக்கும் அரிப்பு வந்தது. ஊருக்கெல்லாம் வெட்கப்படாதீர்கள் என்று சொல்லும் நான், மூன்று வாரம் யாரிடமும் சொல்லவில்லை. பங்கசு மருந்து மற்ற இரண்டையும் குணமாக்காது என்பதைப் பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

எங்கே போகலாம்?

முதலில் உங்கள் பகுதி மருத்துவ மாதுவிடம் சொல்லுங்கள். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளின் கீழ் 1996 முதல் சுகநல மகளிர் கிளினிக்குகள் நடக்கின்றன. 35 வயதில் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்ப் பரிசோதனையும் அங்கே செய்யலாம். பதுளையில் பாலியல் நோய் சிகிச்சை நிலையமும் உண்டு. அங்கே சேவை இலவசம், இரகசியம் காப்பார்கள். கணவரையும் கூட்டிச் செல்லலாம்.

அடிவயிற்று வலி, காய்ச்சல், பிறப்புறுப்பில் புண், உடலுறவின் பின் இரத்தம் ஆகியவற்றில் ஒன்றாவது இருந்தால் ஒரு நாளும் தாமதிக்க வேண்டாம். கர்ப்பிணிகளும், மாதவிடாய் நின்ற பின் வெள்ளைபடுபவர்களும் கட்டாயம் வைத்தியரைக் காணவேண்டும்.

அந்தத் தங்கையை நானே பதுளைக்குக் கூட்டிப்போனேன். பரிசோதித்த வைத்தியர், இது பங்கசு என்றார். இத்தனை மாதமாக ஏன் மாறவில்லை என்று யோசித்து இரத்தத்தில் சீனியும் பார்க்கச் சொன்னார். சீனி மிகக் கூடியிருந்தது. கடைசிப் பிள்ளையைச் சுமந்தபோதே சீனி இருந்ததாம். பிறகு யாரும் பார்க்கவில்லை. லயமே கெட்ட நோய் என்று பழித்தது, சீனி வியாதி காட்டிய அடையாளம். இன்னும் கொஞ்ச நாள் வாய்மூடி இருந்திருந்தால் அவள் நிலை என்னவாகியிருக்கும்?

மருந்தில் அரிப்பு மாறிவிட்டது. சீனிக்கும் இப்போது கிளினிக் போகிறாள். அடுத்த மாதக் கூட்டத்துக்கு மாமியாரும் வந்திருந்தார். முடிந்த பின் மெல்ல என் பக்கத்தில் வந்து, "மிஸ், எனக்கும் ராத்திரியில ஒரே தாகமா இருக்கு. அந்தச் சீனி டெஸ்ட்டு எங்க எடுக்கிறது?" என்று கேட்டார்.

மருமகளே அவரைக் கூட்டிப்போனாள்.