டூரரின் ‘கோட்டை முற்றுகை’

ஓவியத்தைக் காதினால் காண இயலாது. எனினும் இன்று ஒரு படத்தைச் சொற்களால் விரித்துக் காட்ட முயல்கின்றேன். ஜெர்மனியில் நூரம்பர்க் நகரத்து ஓவியர் ஆல்பிரெக்ட் டூரர் 1527-ஆம் ஆண்டில் ஆக்கிய மரச்செதுக்கு அச்சுப்படம் அது.

இரண்டு மரக்கட்டைகளினின்று அச்சிட்டு, ஒன்றாக இணைத்துப் பார்க்கவேண்டிய படம்; அகலம் ஏறக்குறைய 70 சென்டிமீட்டர். மரச்செதுக்கில் கோட்டைக் குடைந்து எடுப்பதில்லை. வரைந்த கோட்டை விட்டுவிட்டு, இருமருங்கிலும் உள்ள மரத்தைச் செதுக்கி நீக்குவர். மேடாக எஞ்சும் கோட்டில் மை ஒட்டும். படத்தில் ஓர் ஈட்டி மயிரிழைபோல் தெரிகின்றதென்றால், அந்த இழையை முறியாமல் காத்தது செதுக்கியவனின் கை.

இடப்புறத்தில் கோட்டை நிற்கின்றது. வானளாவிய கோபுரங்களை எதிர்பார்ப்போர் ஏமாற்றமே அடைவர். அகழியை ஒட்டித் தடித்து வளைந்த கொத்தளமே அங்கு முதன்மையாகத் தெரிவது. இதற்குக் காரணம் உண்டு. 1453-இல் துருக்கியரின் பீரங்கிகள் கான்ஸ்டாண்டினோபிளின் பழம்பெரும் மதில்களைத் தகர்த்தன. உயர்ந்த மதில் பீரங்கிக்கு எளிய இலக்கு. பருத்த சுவரே குண்டைத் தாங்கும். 1526-இல் மொகாச் போரில் ஹங்கேரி மன்னர் இரண்டாம் லூயி மாண்டபின், அந்த அச்சம் ஜெர்மானிய நகரங்களையும் பற்றிற்று. படம் வெளிவந்த அதே ஆண்டில், கோட்டை கட்டும் முறைபற்றி டூரர் ஒரு நூலையும் அச்சிட்டு, ஹங்கேரி, போஹீமியா அரசர் பெர்டினாண்டுக்குக் காணிக்கையாக்கினார். இத்துணைச் செலவு தகுமா என்போர்க்கு அந்நூலிலேயே விடையுண்டு: எகிப்திய மன்னர் பயனற்ற பிரமிடுகளுக்குச் செலவிட்டனர், கோட்டையோ பயன்தரும், மேலும், ஏழைக்குப் பிச்சை இடுவதினும் கூலி தந்து வேலை வாங்குவது நன்று.

வலப்புறத்தில் படை வருகின்றது. எறும்புச்சாரைபோல் அணியணியாக ஈட்டி வீரர்கள். வீரன் என்று சுட்ட ஒரு முகமும் இல்லை. தொலைவில் ஊர்கள் எரிகின்றன. என் கண் அங்கேயே நின்றுவிடுகின்றது. அரசருக்குக் கொத்தளம் வரைந்து தந்த அதே கை, மதிலற்ற ஊரின் புகையையும் மறவாது வரைந்திருக்கின்றது.

1528 ஏப்ரலில் டூரர் மறைந்தார். மறு ஆண்டே துருக்கியர் வியன்னாவை முற்றுகையிட்டனர். அவருடைய வட்டக் கொத்தளங்கள் பெரிதும் பரவவில்லை. அவற்றைக் கட்டப் பொருட்செலவு மிகுதி. மேலும், வளைவின் அடியில் வந்து ஒண்டும் பகைவனைப் பக்கத்திலிருந்து சுடுவது அரிது. இத்தாலியரின் கூர்முனைக் கொத்தளமே வென்றது. ஆயினும் ஸ்விட்சர்லாந்தின் ஷாப்ஹவுசன் நகரில் 1564 முதல் 1589 வரை கட்டப்பெற்ற ‘முனோட்’ என்னும் வட்டக்கோட்டை, டூரரின் கருத்தைத் தழுவியது என்பர்; அது இன்றும் நிற்கின்றது.