இரண்டாவது ஈஸ்டர்

ஜார்ஜியாவில் மருத்துவம் படிக்கும் இந்திய மாணவர்களுக்கு, அந்த நாட்டின் வீட்டுக் கதவுகள் திறக்கும் நாள்

தூத்துக்குடியிலும் நாகர்கோவிலிலும் 2024 மார்ச் 31ஆம் தேதியே ஈஸ்டர் ஆராதனை முடிந்து, பிரியாணி வாசனையும் அடங்கிவிட்டது. ஆனால் ஜார்ஜியத் தலைநகர் திபிலிசியில் அது இன்னொரு ஞாயிற்றுக்கிழமை, அவ்வளவே. அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை, நம் ஊரில் புனித வெள்ளி; அங்கே வழக்கமான வேலை நாள். ஜார்ஜியர்களின் ஈஸ்டர் வர இன்னும் ஐந்து வாரம் இருந்தது. மே 5ஆம் தேதிதான் அவர்களுக்குக் கிறிஸ்து உயிர்த்தெழுந்தார்.

காரணம் பஞ்சாங்கம். வசந்த காலத்தில் இரவும் பகலும் சமமாகும் நாளுக்குப் பின் வரும் முதல் பௌர்ணமி, அதற்கு அடுத்த ஞாயிறு - இந்தக் கணக்கில் கீழைத் திருச்சபைக்கும் மேலைத் திருச்சபைக்கும் பெரிய தகராறு இல்லை. ஆனால் 1582ல் ரோம் திருத்திய நாட்காட்டியை ஜார்ஜிய ஆர்த்தடாக்ஸ் திருச்சபை ஏற்கவில்லை. பழைய ஜூலியன் நாட்காட்டி இப்போது 13 நாள் பின்தங்கியிருக்கிறது. பௌர்ணமிக் கணக்கும் அதோடு சேர்ந்து நகர்கிறது. சில ஆண்டுகளில் இரண்டு ஈஸ்டரும் ஒரே நாளில் வருவதுண்டு. 2025ல் ஏப்ரல் 20 அப்படி வந்தது. மற்ற ஆண்டுகளில் அங்கே படிக்கும் தமிழ்க் கிறிஸ்தவ மாணவருக்கு முதல் ஈஸ்டர் செல்போன் திரையில், இரண்டாவது ஈஸ்டர் நேரில்.

மருத்துவ இடத்துக்கான போட்டியும் தனியார் கல்லூரிக் கட்டணமும் துரத்த, காகசஸ் மலையடிவாரத்துக்குப் போன இந்திய மாணவர்கள் பல ஆயிரம் பேர். 2022ல் ரஷ்யா படையெடுத்த பின் உக்ரைனிலிருந்து படிப்பைப் பாதியில் விட்டு வந்தவர்களில் சிலரும் அங்கே போய்ச் சேர்ந்தார்கள். ஆங்கிலத்தில் பாடம், வாடகை வீட்டில் நாலைந்து பேர் சேர்ந்து சமையல், நள்ளிரவு வரை படிப்பு. 33 எழுத்துகள் கொண்ட ஜார்ஜிய மொழி கடைக்காரரிடம் விலை கேட்கும் அளவுக்கு வந்தாலே அதிகம். முதலாண்டு முடிந்த பிறகும் ஒரு ஜார்ஜியர் வீட்டுக்குள் காலடி வைக்காதவர்கள் உண்டு.

ஈஸ்டர் வாரம் அதை மாற்றிவிடுகிறது. பெரிய வெள்ளி முதல் திங்கள் வரை நான்கு நாள் அரசு விடுமுறை. வெளியூர் ஜார்ஜிய மாணவர்கள் கிராமத்துக்குக் கிளம்புவார்கள். தனியாக அறையில் கிடக்கும் இந்திய நண்பனை விட்டுவிட்டுப் போவது அவர்கள் வழக்கத்தில் அழகல்ல. விருந்தாளி கடவுள் அனுப்பியவர் என்பது அவர்கள் பழமொழி. 'அதிதி தேவோ பவ' கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

பண்டிகைக்கு முந்தைய ஏழு வாரங்கள் தவக்காலம். நோன்பு இருப்பவர்கள் இறைச்சி, பால், முட்டை எதையும் தொடுவதில்லை. உணவகங்களில் அதற்கென்றே தனிப் பட்டியல் வைக்கிறார்கள். மாமிசமும் பாலாடைக் கட்டியும் கோலோச்சும் நாட்டில் சைவ மாணவர்களுக்கு இதுவே பொற்காலம். ராஜ்மா போன்ற பயறை மூலிகைகளோடு வேகவைத்த லோபியோ, கீரையும் அக்ரூட்டும் சேர்த்து அரைத்த ப்காலி என்று தைரியமாகக் கேட்டுச் சாப்பிடலாம்.

ஈஸ்டருக்கு இரண்டு வாரம் இருக்கும்போது வீடுகளில் தட்டில் கோதுமையை விதைத்து முளைக்க வைக்கிறார்கள். ஜெஜிலி என்று பெயர். நம் ஊர் முளைப்பாரியைப் பார்த்தவர்கள் ஒரு கணம் திகைத்துப் போவார்கள். வெள்ளிக்கிழமை முட்டைக்குச் சாயம் ஏற்றும் நாள். கடைச் சாயம் இருந்தாலும், எண்ட்ரோ என்ற வேரையும் வெங்காயத் தோலையும் போட்டுக் கொதிக்கவைப்பதே பழைய முறை. நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் மஞ்சிட்டிக்கு அந்த வேர் நெருங்கிய உறவு. சிவப்பு, கிறிஸ்து சிந்திய இரத்தத்தின் நிறம். பச்சைப் பயிரின் நடுவே சிவப்பு முட்டைகளை அடுக்கிவைத்தால் வீடு தயார்.

சனிக்கிழமை ஜெருசலேமிலிருந்து புனித நெருப்பு விமானத்தில் வருகிறது. 2004ல் அர்ச்சிக்கப்பட்ட திரித்துவப் பேராலயத்திலும் மற்ற ஆலயங்களிலும் நள்ளிரவு வழிபாடு. உட்கார பெஞ்சு கிடையாது. மணிக்கணக்கில் நிற்க வேண்டும். பெண்கள் தலையை மூடிக்கொள்கிறார்கள். மொழி புரியாவிட்டாலும் மூன்று குரல்களில் எழும் பாட்டு புரிந்துவிடுகிறது. "கிறிஸ்து உயிர்த்தார்" என்று ஒருவர் சொல்ல, "மெய்யாகவே உயிர்த்தார்" என்று மற்றவர் பதில் சொல்கிறார். அப்போது சென்னையில் மணி ஒன்றரை.

ஞாயிறன்று நோன்பு முறிகிறது. முட்டையோடு முட்டையை மோதி விளையாட்டு, உடைந்தவர் தோற்றவர். உலர் திராட்சை போட்டு உயரமாகச் சுட்ட பாஸ்கா ரொட்டி, புளிப்புப் பச்சைப் பிளம்ஸ் சேர்த்த ஆட்டுக்கறி, மண்சாடியில் புளித்த ஒயின். விருந்துக்குத் தலைமை தாங்கும் தமதா எழுந்து ஒவ்வொன்றாக வாழ்த்துச் சொல்கிறார்: கடவுளுக்கு, நாட்டுக்கு, விருந்தினருக்கு. பிறகு, இல்லாமல் போனவர்களுக்கு.

மறுநாள் அந்தக் கடைசி வாழ்த்து கல்லறைத் தோட்டத்துக்குப் போகிறது. கம்பி வேலியிட்ட கல்லறைகள், கருங்கல்லில் செதுக்கிய முகங்கள், பக்கத்தில் உட்கார பெஞ்சு. குடும்பமே வந்து புல்லைப் பிடுங்கி, மெழுகுவர்த்தி ஏற்றி, கல்லறை மீது ஒரு சிவப்பு முட்டையை உருட்டுகிறது. கொஞ்சம் ஒயினை மண்ணில் ஊற்றுகிறது. கூரியா பகுதியின் ஷுகுத்தி கிராமத்தில் விளையாட்டுகூட இங்கேதான் முடியும். ஏறக்குறைய 16 கிலோ எடையுள்ள பந்துக்காக மேலூரும் கீழூரும் ஈஸ்டர் நாளில் முட்டி மோதும். ஜெயித்த ஊர் அந்தப் பந்தைத் தங்கள் ஊரில் இறந்த ஒருவருடைய கல்லறையில் வைக்கும். நம் கிறிஸ்தவர்கள் நவம்பர் 2ஆம் தேதி செய்வதை ஜார்ஜியர்கள் உயிர்ப்பு நாளை ஒட்டிச் செய்கிறார்கள். சோவியத் ஆட்சி மத விழாக்களை ஓரங்கட்டிய காலத்திலும் கல்லறைக்குப் போவது நிற்கவில்லை.

நண்பனின் குடும்பத்தோடு கூடப் போகும் மாணவருக்கு இது வேடிக்கை பார்க்கும் இடம் அல்ல. ஆறு வருடப் படிப்பில் ஊரில் ஒரு சாவாவது விழாமல் இருப்பதில்லை. தாத்தா போய்விட்டார், பாட்டி போய்விட்டார் என்று போன் வரும். விமானம் மாறி ஊர் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிடும். கடன் வாங்கிப் படிக்க வைக்கும் வீட்டில் டிக்கெட் செலவும் சின்னதல்ல. தேர்வு இருக்கிறது, வர வேண்டாம் என்று வீட்டிலேயே சொல்லிவிடுவார்கள். பலரும் அழுதது குளியலறையில்தான். துக்கம் விசாரிக்க ஆள் வந்திருக்காது. காரியம் செய்ய இடம் இருந்திருக்காது.

ஜார்ஜிய வழக்கப்படி அந்தக் கல்லறையோரம், அங்கே புதைக்கப்பட்டவரை மட்டும் நினைப்பதில்லை. தூரத்தில் கிடக்கும் இறந்தவர்களையும் சேர்த்துத்தான் ஒயின் ஊற்றுகிறார்கள். உன் வீட்டில் யார் என்று விருந்தாளியையும் கேட்கிறார்கள். அவர் இந்துவா, முஸ்லிமா, கிறிஸ்தவரா என்று கேட்பதில்லை. பெயரைச் சொன்னால் போதும். புரியாத உச்சரிப்பில் ஒரு தமிழ்ப் பாட்டியின் பெயர் அங்கே சத்தமாகச் சொல்லப்படும். சிவப்பு முட்டை ஒன்று மண்ணில் உருளும்.