காட்டுக்கேற்ற கத்தி

மனித நடமாட்டம் இல்லாத காட்டில் ஓரிரு இரவுகளைத் தம் கைத்திறனால் கழிக்க நேரும் ஒருவருக்கு முதலில் தேவைப்படுபவை, மழைக்கும் குளிருக்கும் ஒதுங்க ஒரு பந்தலும் அணையாது எரியும் நெருப்பும் ஆகும். பந்தலுக்குக் கொம்புகளை வெட்ட வேண்டும். நெருப்புக்கோ, மழையில் நனைந்த கட்டையைப் பிளந்து, ஈரம் ஏறாத அதன் உட்பகுதியை வெளிக்கொணர்ந்து, அதிலிருந்து மெல்லிய சிராய்களைச் சீவ வேண்டும். கோடரி, வெட்டரிவாள், சிறு கத்தி ஆகிய மூன்றும் தனித்தனியே செவ்வையாகச் செய்யும் இவ்வேலைகளை ஒரே கருவியால் முடிப்பதற்கென உருவானதே பெரிய நிலைக்கத்தி. மடங்கும் மூட்டு இல்லாமல் அலகும் கைப்பிடியும் அசையாது பிணைந்திருப்பது நிலைக்கத்தி. அதன் அலகு ஏறத்தாழ 18 முதல் 30 சென்டிமீட்டர் வரை நீண்டிருந்தால் பெரியது எனக் கொள்ளலாம். மூன்று கருவிகளின் இடத்தை நிரப்பும் ஒன்று அவற்றுள் எதையும் விஞ்ச இயலாது என்பதால், இத்தகைய கத்தியைத் தேர்வது என்பது எந்த வேலையில் எவ்வளவு விட்டுக்கொடுப்பது என்று முடிவு செய்வதே ஆகும்.

அம்முடிவைப் பெரும்பாலும் நிலமே எடுத்திருப்பதை உலகின் மரபுக் கத்திகள் காட்டுகின்றன. ஸ்காண்டிநேவியாவின் வடகோடியில் துருவமான்களை மேய்த்துவந்த சாமி மக்கள், பிர்ச் மரக் கொம்புகளை வெட்டவும் விறகு பிளக்கவும் இறைச்சி துண்டாக்கவும் ஏற்ற லெவுக்கு என்னும் நேரான அகன்ற கத்தியைக் கைக்கொண்டனர். தென்கிழக்காசிய மழைக்காடுகளின் பராங், மரத்தன்மை கொண்ட தடித்த கொடிகளையும் கிளைகளையும் வீச்சில் அறுக்கும்படி நுனியை நோக்கிக் கனத்துச் செல்கிறது. இலத்தீன் அமெரிக்காவின் மச்செட்டேயோ, பசுந்தண்டுகளையும் புதர்களையும் விரைந்து வெட்டுவதற்காக இரண்டு மூன்று மில்லிமீட்டர் தடிமனே உடைய நீண்ட தகடாக அமைந்துள்ளது. ஆதலால் வைரம் பாய்ந்த காய்ந்த மரத்தில் மச்செட்டே அதிர்ந்து துள்ளும். தடித்த லெவுக்கு பசும்புதரில் கையை விரைவில் களைப்பூட்டும்.

நீளத்தின் பயனை இயக்கவியல் தெளிவாக்குகிறது. ஒரே வேகத்தில் சுழலும் கையில், கத்தியின் நிறை சுழற்சி மையத்திலிருந்து இரு மடங்கு தொலைவுக்குத் தள்ளப்பட்டால் அதன் இயக்க ஆற்றல் நான்கு மடங்காகிறது. நேபாளத்துக் குக்ரியின் அலகு நடுவில் வளைந்து முன்பகுதியில் அகன்றிருப்பதால், அளவான நீளத்திலேயே எடை முன்னே சேர்ந்து வெட்டு ஆழமாக இறங்குகிறது. ஆனால் வீச்சுக்கு உதவும் இதே முன்கனம், சிராய் சீவுதல் போன்ற நுண்வேலையில் மணிக்கட்டுக்குச் சுமையாகிறது. விறகு பிளப்பதிலும் நீளத்துக்கு ஓர் அளவுகோல் உண்டு: அலகைக் கட்டையின் தலையில் வைத்து அதன் முதுகில் மற்றொரு கட்டையால் அடித்துப் பிளக்கும்போது, மறுபுறம் அடிப்பதற்கு ஐந்து சென்டிமீட்டராவது வெளியே நீண்டிருக்க வேண்டும். ஆகவே 15 சென்டிமீட்டர் விட்டமுள்ள கட்டைக்கு 20 சென்டிமீட்டருக்குக் குறையாத அலகு தேவைப்படும்.

தடிமனும் இவ்வாறே இருமுகம் கொண்டது. அலகின் தடிமன் இரு மடங்கானால் பக்கவாட்டில் வளைவதை எதிர்க்கும் விறைப்பு எட்டு மடங்காகிறது; எனினும் ஆறு மில்லிமீட்டரைத் தாண்டிய அலகு, மரத்தை வெட்டுவதைவிட ஆப்பாக நெருக்கத் தொடங்கிவிடும். முதுகிலிருந்து கூர்வாய் வரை பக்கங்கள் எப்படிச் சரிகின்றன என்பது இதனோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது. சரிவு தட்டையாக இருந்தால் வெட்டு எளிதில் இறங்கும். சற்றே புடைத்திருந்தால் கூர்வாய்க்குப் பின்னே உலோகம் மிகுந்து அடியைத் தாங்குவதோடு, மரத்தில் சிக்காமல் வெளிவரும்.

எஃகின் தன்மை இவை எல்லாவற்றினும் நுட்பமானது. கடினம் என்பது கூர் மழுங்காதிருக்கும் இயல்பு. கடுந்தாங்குமை என்பது அடிபட்டும் உடையாதிருக்கும் இயல்பு. பொதுவாக ஒன்று ஏறினால் மற்றது இறங்கும். செந்நிறமாகக் காய்ச்சிய எஃகை எண்ணெயிலோ நீரிலோ சட்டெனக் குளிர்விக்கும் தோய்ச்சல், அதைக் கண்ணாடியாய் நொறுங்கத்தக்க கடினத்துக்குக் கொண்டுசெல்கிறது. பின்னர் ஏறத்தாழ 200 டிகிரி செல்சியசில் மீண்டும் சூடேற்றிப் பதப்படுத்தும்போது கடினம் சிறிது குறைந்து தாங்குமை திரும்புகிறது. சிறு கத்திகள் ராக்வெல் கடின அளவில் 60ஐ எட்டலாம் எனினும், வீசி வெட்டும் கத்திகளுக்கு 55 முதல் 58 வரை பொருத்தமானது. லாரிகளின் வில்பட்டைகளுக்குரிய, சுமார் 0.6 விழுக்காடு கார்பன் கொண்ட 5160 என்னும் எஃகு வகை, 0.95 விழுக்காடு கார்பன் கொண்ட 1095 வகையைவிட அதிர்ச்சியை நன்கு தாங்கும். நேபாளக் கொல்லர்கள் பழைய லாரிப் பட்டைகளைக் குக்ரிகளாக அடித்து, கெண்டி நீரைக் கூர்வாயின் மேல் மட்டும் ஊற்றித் தோய்ச்சல் கொடுப்பதால், கூர்வாய் கடினமாகவும் முதுகு இளகியும் அமைகின்றன. தமிழகக் கொல்லுப்பட்டறைகளிலும் இதே பட்டைகள் அரிவாளாகின்றன. இவ்வகை எஃகுகள் துருப்பிடிக்கும் என்பதால் எண்ணெய் தடவிப் பேண வேண்டும். குரோமியம் மிகுந்த துருவேறா எஃகு, கடலோரக் காடுகளில் இக்கவலையைக் குறைக்கும்.

கைப்பிடிக்குள் நீளும் அலகின் தொடர்ச்சியே வால். கைப்பிடியின் முழு அகலத்திலும் வால் அமைந்தால் உறுதி மிகும். எனினும் ஒடுங்கிய வால் என்றும் பலவீனமானதன்று. 1942இல் அமெரிக்க மரைன் படையினர் ஏற்ற, ஏழு அங்குல அலகுடைய கா-பார் கத்தி, தோல் வளையங்களுக்குள் செருகிய ஒடுங்கிய வாலையே கொண்டது. கடுங்குளிரில் வெளியே தெரியும் உலோகம் உள்ளங்கையின் வெப்பத்தை உறிஞ்சும் என்பதால், மரத்துக்குள் மறைந்த லெவுக்கின் வால் அந்நிலத்துக்குப் பொருத்தமாகிறது. வால் அலகைச் சந்திக்கும் கூர்மூலைகளில் தகைவு குவிந்து விரிசல் தோன்றும். அவ்விடம் வளைவாகத் தேய்க்கப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பது நன்று.

முதன்முறை வாங்குவோருக்கு 20 முதல் 23 சென்டிமீட்டர் நீளமும் நான்கைந்து மில்லிமீட்டர் தடிமனும் கொண்ட, பதமான கார்பன் எஃகுக் கத்தியும், நுண்வேலைக்குத் துணையாக ஒரு சிறு கத்தியும் பெரும்பாலான காடுகளுக்குப் போதும். இந்தியாவில் அலகு 9 அங்குலத்துக்கு மேல் நீண்டோ 2 அங்குலத்துக்கு மேல் அகன்றோ உள்ள கத்திகளை, வீடு, வேளாண்மை, அறிவியல், தொழில் ஆகியவற்றுக்கென வடிவமைத்தவை நீங்கலாக, ஆயுத விதிகள் ஆயுதப் பட்டியலில் வைக்கின்றன. குக்ரியின் பெயரும் அதில் உண்டு. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், முன் அனுமதியின்றிச் சரணாலயத்துக்குள் ஆயுதத்துடன் நுழைவதைத் தடுக்கிறது. எனவே செல்லவிருக்கும் காட்டின் விதிகளை அறிந்த பின்பே அதற்கேற்ற கத்தியைத் தேடத் தொடங்குவது முறையாகும்.