பிக்கப்பில் பிள்ளைகளைப் பாதுகாப்பாக ஏற்றிச் செல்வோம்

சொந்த ஊருக்குத் திரும்பும் நாளில் பாய், பாத்திரம், கூரைத்தகரம் எல்லாவற்றையும் கயிற்றால் இறுக்கிக் கட்டுகிறோம். பிள்ளையை மட்டும் மடியில் வைத்துக்கொள்கிறோம். வாகனம் திடீரென மோதினால், எவ்வளவு பலமான கைகளாலும் பிள்ளையைப் பிடித்து வைத்திருக்க முடியாது.

உங்களிடம் குழந்தை ஆசனம் இருந்தால், டபுள் கெப்பின் பின் இருக்கையில் அதைப் பொருத்துங்கள். ஆசனத்தில் குறிக்கப்பட்டுள்ள வழியாக வாகனத்தின் சீற் பெல்ற்றைச் செலுத்திப் பூட்டுங்கள். முழங்காலால் ஆசனத்தை அழுத்தியபடி பெல்ற்றை இழுத்து இறுக்குங்கள். பெல்ற் செல்லும் இடத்தில் பிடித்து அசைத்துப் பாருங்கள், 2.5 சென்ரிமீற்றருக்கு மேல் அசைந்தால் மறுபடியும் இறுக்குங்கள். பிள்ளையை இருத்தியபின் தோள்பட்டிகளையும் தளர்வில்லாமல் பூட்டுங்கள்.

கைக்குழந்தையின் ஆசனம் வாகனத்தின் பின்பக்கம் பார்த்தபடி இருக்க வேண்டும். காற்றுப்பை இயங்கும் முன் இருக்கையில் அதை ஒருபோதும் வைக்க வேண்டாம்.

சற்று வளர்ந்த பிள்ளைக்கு ஆசனம் இல்லாவிட்டால், பின் இருக்கையில் தனியாக இருத்திப் பெல்ற் போடுங்கள். அது வயிற்றின் மேலல்ல, இடுப்பெலும்போடு தாழ்வாகப் படியட்டும். ஒரே பெல்ற்றுக்குள் இருவர் வேண்டாம்.

பின்னால் மூட்டைகளின் மேல் எந்தப் பிள்ளையையும் ஏற்ற வேண்டாம். உள்ளே இடம் போதாவிட்டால், சாமான்கள் அடுத்த தடவை வரட்டும்.