கிளை முழுக்கத் தங்கம்... விதைக்குள் விஷம்... நியூசிலாந்தின் கோஃபாய் மரக் கதை!

நமக்கு ஆடி முடிந்து ஆவணி பிறக்கிற நேரத்தில், பூமியின் தென்கோடியில் இருக்கும் நியூசிலாந்தில் குளிர்காலம் மெல்ல விடைபெறத் தொடங்கும். ஆற்றங்கரை, ஏரிக்கரை, மலைச்சரிவு, வீட்டு வாசல் எனப் பல இடங்களிலும் ஒரு மரம் தன் இலைகளில் பெரும்பகுதியை உதிர்த்துவிட்டு, கிளை முழுக்க மஞ்சள் பூக்களைத் தொங்கவிட்டுக்கொண்டு நிற்கும். அதுதான் கோஃபாய்!

பெயரில் ஒரு சின்ன விஷயம் இருக்கிறது. அந்நாட்டுப் பூர்வகுடிகளான மாவோரி மக்களின் மொழியில் 'கோஃபாய்' என்றால் மஞ்சள் நிறம். மரத்துக்கும் நிறத்துக்கும் ஒரே சொல். ஆங்கில எழுத்தைப் பார்த்துப் படிப்பவர்கள் 'கோவாய்' என்றும் சொல்வார்கள். நம்ம கோவைக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை!

சரக்கொன்றையைப் பார்த்தவர்களுக்கு இந்த மரத்தைக் கற்பனை செய்வது எளிது. இரண்டுமே பயறு வகைக் குடும்பத்தைச் சேர்ந்தவை. ஆனால், கொன்றையின் பூ இதழ் விரித்து மலரும். கோஃபாய் பூவோ குழல்போல நீண்டு, தலைகீழாகத் தொங்கும். அந்த வடிவத்துக்குக் காரணம் பறவைகள். பூவின் அடியில் தேன் நிறைய சுரக்கும். டூயி, பெல்பேர்ட் போன்ற தேன் குடிக்கும் பறவைகள் கிளையைப் பிடித்துத் தொங்கியபடி அலகை உள்ளே விடும்போது, மகரந்தம் அவற்றின் நெற்றியில் ஒட்டிக்கொள்ளும். கோஃபாய் பூக்கும் காலத்தில் நெற்றியில் மஞ்சள் பூசிக்கொண்டு திரியும் டூயி பறவைகளைப் பார்க்கலாம். அப்படியே அடுத்த மரத்துக்குப் போனால் மகரந்தச் சேர்க்கை முடிந்தது. 'கெரெரூ' என்ற பெரிய காட்டுப்புறாவுக்குத் தேனில் அவ்வளவு ஆர்வம் இல்லை. இலை, மொட்டு, பூ என மொத்தமாக மேய்ந்துவிடும்.

காலண்டரே தேவையில்லை!

கடிகாரமும் காலண்டரும் இல்லாத நாள்களில் மாவோரி மக்களுக்கு இந்த மரம்தான் தேதி சொன்னது. கோஃபாய் பூத்துவிட்டதா... சர்க்கரைவள்ளிக் கிழங்கு நட நிலத்தைத் தயார் செய்யலாம். 'கினா' எனப்படும், உடம்பெல்லாம் முள்ளாக இருக்கும் கடல் உயிரி அப்போதுதான் சதைப்பற்றோடு இருக்கும் என்பதும் அவர்களின் கணக்கு. பூவிலிருந்து மஞ்சள் சாயம், பட்டையிலிருந்து காயத்துக்கும் வலிக்கும் மருந்து, உறுதியான கட்டையிலிருந்து கருவிகளின் கைப்பிடி என மரத்தின் எந்தப் பகுதியையும் வீணாக்கவில்லை. பின்னாளில் வந்து குடியேறிய ஐரோப்பிய விவசாயிகளும் இதன் கட்டையை வேலிக்கம்பங்களாக நட்டார்கள்.

இலை இல்லாத கிளையில் பூ வருவதற்கு ஒரு காதல் கதையும் சொல்லப்படுகிறது. இளைஞன் ஒருவன் ஒரு பெண்ணைத் திருமணம் செய்துகொள்ளக் கேட்கிறான். 'யாரும் செய்யாத ஒன்றைச் செய்து காட்டு, பார்க்கலாம்' என்கிறாள் அவள். அவர்கள் அமர்ந்திருந்தது மொட்டைக் கோஃபாய் மரத்தடியில். அவன் மந்திரம் சொல்ல, கண்ணெதிரே வெறும் கிளைகள் மஞ்சளாகப் பூத்துக் குலுங்கின. அன்றிலிருந்துதான் கோஃபாய் இலைக்கு முன்னால் பூவைத் தருகிறதாம்.

இப்படிப்பட்ட மரம் நியூசிலாந்தின் தேசிய மலராகத்தானே இருக்க வேண்டும்? மக்கள் மனதில் அப்படித்தான். ஆனால், அரசு இதுவரை எந்தப் பூவையும் அதிகாரபூர்வமாகத் தேசிய மலர் என அறிவிக்கவில்லை. 1967-ல் அந்நாடு பவுண்டு, ஷில்லிங் கணக்கை விட்டு டாலர், சென்ட் முறைக்கு மாறியபோது, புதிய 2 சென்ட் நாணயத்தில் கோஃபாய் பூ இடம்பிடித்தது. வடிவமைத்தவர் ஜேம்ஸ் பெர்ரி. மதிப்பு குறைந்துபோனதால் அந்த நாணயம் 1990-ல் செல்லாமல் ஆகிவிட்டது.

ஒன்றல்ல, எட்டு!

கோஃபாய் என்று பொதுவாகச் சொன்னாலும், அது ஒரே மரம் அல்ல. தாவரவியலில் 'சோஃபோரா' என்ற பேரினத்தில் வரும் எட்டு இனங்கள் நியூசிலாந்தில் இருக்கின்றன. நீண்ட காலம், இவற்றில் பலவற்றை ஒரே இனத்தின் வேறு வேறு தோற்றங்கள் என்றுதான் நினைத்திருந்தார்கள். 2001-ல் பீட்டர் ஹீனன், பீட்டர் டி லாங்கே, ஆரன் வில்டன் ஆகிய ஆய்வாளர்கள் இலை, விதை, வளரும் விதம் எல்லாவற்றையும் ஒப்பிட்டு எட்டாகப் பிரித்தார்கள். அவற்றில் 'காட்லியை', 'மலாயை' என இரண்டுக்கு, எரிக் காட்லி, பிரையன் மலாய் என்ற நியூசிலாந்து தாவரவியலாளர்களின் பெயர்கள் சூட்டப்பட்டன.

பரவலாக இருப்பது 'மைக்ரோஃபில்லா'. பெயருக்குச் 'சிறிய இலை' என்று பொருள். இதன் குழந்தைப் பருவம்தான் வேடிக்கை. விதையிலிருந்து முளைத்ததும் நேராக மேலே வளராது. மெல்லிய கிளைகள் குறுக்கும் நெடுக்குமாக, கம்பிச்சுருளைக் கசக்கிப் போட்டதுபோலப் பின்னிக்கொண்டு ஒரு புதராக நிற்கும். பத்து ஆண்டுகளுக்கு மேல்கூட இதே கோலம்தான். பிறகு ஒருநாள் அந்தப் புதருக்குள்ளிருந்து நிமிர்ந்த கிளைகள் கிளம்பி மரமாகும். 'நர்சரியில் ஏமாற்றிவிட்டார்கள்' என்று நினைத்து இந்தப் புதரைப் பிடுங்கி எறிபவர்கள் பெரிய தவறு செய்கிறார்கள்! ஏன் இந்தப் பின்னல்? முன்பு அங்கே வாழ்ந்து அழிந்துபோன மோவா என்ற ராட்சதப் பறவைகள் மேய்வதிலிருந்து தப்பிக்க வந்த ஏற்பாடு என்று ஒரு தரப்பு சொல்கிறது. குளிரையும் காற்றையும் தாங்கத்தான் என்கிறது இன்னொரு தரப்பு. விவாதம் முடிந்தபாடில்லை.

'டெட்ராப்டெரா' இன்னொரு வகை. 'நான்கு இறக்கை' என்று பொருள். காயில் இறக்கைபோல நான்கு விளிம்புகள் இருப்பதால் இந்தப் பெயர். வடக்குத் தீவின் கிழக்குப் பகுதிதான் இதன் சொந்த ஊர். எட்டில் பெரிய பூக்கள் இதற்குத்தான். புதர்ப் பருவமும் கிடையாது, நேராக வளர்ந்து சீக்கிரம் பூத்துவிடும். 1769-ல் கேப்டன் ஜேம்ஸ் குக்கின் எண்டெவர் கப்பலில் வந்த ஜோசப் பேங்க்ஸும் டேனியல் சோலாண்டரும் கோஃபாயைச் சேகரித்தார்கள். சில ஆண்டுகளிலேயே டெட்ராப்டெரா இங்கிலாந்துத் தோட்டங்களில் வளர ஆரம்பித்துவிட்டது.

மற்றவை எல்லாம் ஒவ்வொரு மூலையில் இருப்பவை. ஆக்லாந்துக்கு மேற்கே எரிமலைப் பாறைகளில் 'ஃபுல்விடா', தெற்குத் தீவின் வடமேற்கில் சுண்ணாம்புப் பாறைகளில் 'லாஞ்சிகாரினாட்டா', குக் ஜலசந்தியின் காற்றடிக்கும் கரைகளில் 'மலாயை'. ஆளுயரத்தைத் தாண்டாத 'ப்ராஸ்ட்ராட்டா' கடைசிவரை புதராகவே இருந்துவிடும்.

பெற்றோர் கவனத்துக்கு...

காய்கள் முற்றியதும் மணிமாலைபோல முடிச்சு முடிச்சாகத் தொங்கும். உள்ளே பளபளக்கும் மஞ்சள் விதைகள். குழந்தைகள் பொறுக்கி விளையாட ஆசைப்படுவார்கள். ஆனால், கோஃபாயின் எல்லாப் பகுதிகளிலும் 'சைட்டிசின்' என்ற நச்சுப்பொருள் இருக்கிறது; விதையில் அதிகம். விதையின் ஓடு கல்போலக் கடினமானது என்பதால், முழுசாக விழுங்கிவிட்டால் பெரும்பாலும் செரிக்காமல் வெளியே வந்துவிடும். மென்றோ உடைத்தோ சாப்பிட்டால்தான் ஆபத்து. குமட்டல், வாந்தி, வயிற்றுவலி தொடங்கி நிலைமை மோசமாகலாம். மென்றது தெரிந்தால், அறிகுறிக்காகக் காத்திருக்காமல் மருத்துவரிடம் போய்விட வேண்டும்.

இதே சைட்டிசினுக்கு இன்னொரு முகமும் உண்டு. அது மூளையில் நிகோட்டின் போய் உட்காரும் அதே இடத்தில் உட்காரக்கூடியது. அதனால், சிகரெட்டை விட நினைப்பவர்களுக்கு மருந்தாகிறது. பல்கேரியாவில் லாபர்னம் என்ற வேறொரு மஞ்சள் பூ மரத்திலிருந்து பிரித்தெடுத்த சைட்டிசின் மாத்திரைகள் 1960-களிலிருந்தே விற்பனையில் இருக்கின்றன. ஆக்லாந்து பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நடாலி வாக்கர் குழுவினர், புகையை விட விரும்பிய 1,310 பேரிடம் இதைச் சோதித்து 2014-ல் முடிவை வெளியிட்டார்கள். நிகோட்டின் பட்டை, சூயிங்கம் போன்றவற்றைவிட சைட்டிசின் நன்றாக வேலை செய்தது. ஆனால், குமட்டல் போன்ற பக்கவிளைவுகளும் அதில் கூடுதலாக இருந்தன. சோதனையில் கொடுத்தது அளந்து தயாரித்த மாத்திரை. மரத்திலிருந்து விதையைப் பறித்து மெல்வதற்கும் அதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்!

மிதந்துபோன விதைகள்

அந்தக் கடினமான ஓட்டுக்கு வேறொரு வேலை இருக்கிறது. கோஃபாய் விதை தண்ணீரில் மிதக்கும். உப்புநீரில் ஆண்டுக்கணக்கில் கிடந்தாலும் முளைக்கும் திறன் போகாது. ஆற்றோரம் விழுந்த விதை கடலுக்குப் போய், நீரோட்டத்தோடு பயணித்து வேறொரு கரையில் முளைக்கலாம். தென் அமெரிக்காவின் சிலியிலும், அட்லாண்டிக் கடலில் தனியாகக் கிடக்கும் காஃப் தீவிலும் கோஃபாயின் நெருங்கிய சொந்தங்கள் இருப்பதற்கு இந்த நீர்வழிப் பயணமே காரணம் என்பது விஞ்ஞானிகளின் விளக்கம். ஹவாயில் 'மாமானே' என்ற பெயரில் ஓர் உறவு உண்டு. இலங்கைக் கடற்கரைகளிலும் இதே பேரினத்தின் 'டொமன்டோசா' வளர்கிறது. அதே மஞ்சள் பூ, அதே மணிமாலைக் காய்.

எல்லா உறவுகளுக்கும் நல்ல காலம் அமையவில்லை. ராட்சதக் கற்சிலைகளுக்குப் பேர்போன ஈஸ்டர் தீவில் 'டொரோமிரோ' என்ற சோஃபோரா இருந்தது. வேறெங்கும் இல்லாத இனம். தீவு மக்கள் மரச்சிற்பங்கள் செதுக்கியது இதன் கட்டையில்தான். வெட்டியது போக மிஞ்சியதை, பின்னாளில் கொண்டுவரப்பட்ட ஆடுகள் மேய்ந்து தீர்த்தன. கடைசியில் ரானோ காவ் எரிமலைக் குழிக்குள் ஒற்றை மரம் மட்டும் மிஞ்சியது. 1955-56 ஆய்வுப் பயணத்தில் நார்வே நாட்டு ஆய்வாளர் தோர் ஹெயர்டால் அதன் விதைகளைச் சேகரித்து எடுத்துப்போனார். அவை ஸ்வீடனின் கோதன்பர்க் தாவரவியல் பூங்காவில் முளைத்தன. 1960 வாக்கில் தீவில் அந்த மரமும் இல்லாமல் போய்விட்டது. இன்றும் டொரோமிரோ பூங்காக்களில் உயிரோடு இருக்கிறது. சொந்தத் தீவில் அதை மறுபடி வேரூன்ற வைப்பது பெரும்பாடாக இருக்கிறது.

தோட்டத்திலிருந்து வரும் சிக்கல்

கோஃபாய்க்கு அந்த நிலை வரவில்லை. தோட்டங்களிலும் சாலையோரங்களிலும் நிறையவே இருக்கிறது. ஆனால், காட்டில் கதை வேறு. சமவெளிக் காடுகள் மேய்ச்சல் நிலமானபோது, நிழலுக்காகவும் அழகுக்காகவும் பல வயதான கோஃபாய்களை மட்டும் விட்டுவைத்தார்கள். அவை இன்றும் பூக்கின்றன, காய்க்கின்றன. கீழே கன்றுகள்தான் இல்லை. மந்தைகளின் காலடியிலும் அடர்ந்த புல்லின் நெருக்கத்திலும் நாற்று பிழைப்பது அரிது. அந்தத் தலைமுறை சாய்ந்தால் அடுத்து நிற்க ஆள் இல்லை.

இன்னொரு சிக்கல், ஆசையாக நடுபவர்களாலேயே வருகிறது. கோஃபாய் இனங்கள் ஒன்றோடொன்று சுலபமாகக் கலந்துவிடும். பெரிய பூ, சீக்கிரம் பூக்கும் என்பதால் டெட்ராப்டெராவை அதன் சொந்தப் பகுதிக்கு வெளியிலும் ஊர் ஊராக நட்டார்கள். பறவைக்கு வேலி தெரியுமா? தோட்டத்து மகரந்தம் ஆற்றங்கரை மைக்ரோஃபில்லாவுக்குப் போய்ச் சேர்கிறது. கிடைக்கும் விதை இரண்டும் கலந்தது. வீட்டுத் தோட்டத்துக்கு அதனால் நஷ்டம் ஒன்றுமில்லை. அதே விதையை 'மண்ணின் மரம்' என்று நல்லெண்ணத்தோடு காட்டுச் சீரமைப்பில் நடும்போது, பல்லாயிரம் ஆண்டுகளாக அந்தந்தப் பாறைக்கும் கரைக்கும் ஏற்ப உருவான தனித்தன்மை கரைந்துபோகிறது. சின்னப் பகுதிகளில் மட்டுமே இருக்கும் ஃபுல்விடா, லாஞ்சிகாரினாட்டா போன்றவற்றுக்கு இது கூடுதல் கவலை. அதனால்தான் அங்குள்ள இயற்கை ஆர்வலர்கள், எந்தப் பகுதியில் நடுகிறோமோ அதே பகுதியின் காட்டு மரத்திலிருந்து, தோட்டங்களுக்குத் தள்ளி நிற்கும் மரத்திலிருந்து விதை எடுக்கச் சொல்கிறார்கள்.

நியூசிலாந்தில் உறவினர் வீட்டுத் தோட்டத்தில் கோஃபாய் இருந்து, கோடையில் இலையெல்லாம் ஒரேயடியாகக் காணாமல் போனதாக அவர்கள் பதறினால், இலைகளைத் திருப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். பச்சையும் மஞ்சளுமான உடலில் கறுப்பு வெள்ளைப் புள்ளிகளோடு புழுக்கள் இருந்தால் அது கோஃபாய் அந்துப்பூச்சியின் வேலை. அதுவும் அந்த நாட்டின் சொந்தப் பூச்சிதான். வளர்ந்த மரம் தானாகவே மறுபடி துளிர்த்துவிடும். சின்னக் கன்றாக இருந்தால் புழுக்களைக் கையால் பொறுக்கிப் போட்டாலே போதும்.

விதை போட நினைப்பவர்களுக்கு ஒரு தகவல். அப்படியே மண்ணில் புதைத்தால் அந்தக் கல் ஓடு ஆண்டுக்கணக்கில் திறக்காது. உப்புத்தாளில் ஒரு பக்கம் மட்டும், உள்ளிருக்கும் வெளிர் நிறம் தெரியும்வரை தேய்க்க வேண்டும். பிறகு இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறவிட வேண்டும். காலையில் உப்பிப் பெருத்திருக்கும் விதைகளை மட்டும் எடுத்து விதைக்கலாம். உப்பாமல் கிடப்பவற்றை மறுபடி உப்புத்தாளில் தேய்த்து ஊறப்போட வேண்டியதுதான். வேலை முடிந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிடுங்கள்.