ஹுலுலே: இரும்புத் தகடும் 3,400 மீட்டரும்

மாலத்தீவிலிருந்து கொழும்புக்குப் போக ஒரு காலத்தில் காற்று ஒத்துழைக்க வேண்டியிருந்தது. மாசிக்கருவாடு ஏற்றிய பாய்க்கப்பல்கள் தென்மேற்குப் பருவக்காற்றில் கிழக்கே கிளம்பும். வடகிழக்குக் காற்று எழுந்த பிறகுதான் அரிசியும் துணியுமாக ஊர் திரும்பும். அதுவரை கொழும்பில் கிடக்க வேண்டியதுதான். இன்று விமானத்தில் ஏறினால் ஒன்றரை மணி நேரம்.

மாற்றம் தொடங்கியது தலைநகர் மாலேக்கு எதிரே உள்ள ஹுலுலே என்ற சிறு தீவில். 1960இல் அங்கே இரும்புத் தகடுகளைப் பரப்பி 3,000 அடி ஓடுபாதை போட்டார்கள். மாலே மக்களே படகேறிப் போய் உழைத்தார்கள். அந்த அக்டோபரில் நியூசிலாந்து விமானப்படை விமானம் ஒன்று முதலில் இறங்கியது. 1962இல் இலங்கையின் ஏர் சிலோன் விமானச் சேவை வந்தது. உப்புக்காற்றில் இரும்பு எத்தனை நாள் தாங்கும்? 1966இல் தார் ஓடுபாதை வந்தது. 2018இல் திறந்த புதிய பாதையின் நீளம் 3,400 மீட்டர். ஏ380 போன்ற பெருவிமானமும் அதில் இறங்கலாம்.

1972இல் முதல் சுற்றுலாப் பயணிகள் வந்தபோது ஒரு சிறு குழுவுக்கு மேல் இல்லை. இப்போது ஆண்டுக்கு 20 லட்சம் பேர் வருகிறார்கள்; நாட்டின் மக்கள்தொகையோ சுமார் 5 லட்சம். 2025இல் திறந்த முனையம் ஆண்டுக்கு 75 லட்சம் பயணிகளுக்கென்று கட்டப்பட்டது. விமானநிலையத்துக்கு இப்போது வெலானா என்று பெயர்.

2018 ஆகஸ்டு வரை, தலைநகருக்குப் போகிறவர் விமானத்திலிருந்து இறங்கி மீண்டும் படகில் ஏற வேண்டியிருந்தது. முனையத்துக்கு வெளியே வந்தால் எதிரே படகுத்துறை. பெட்டியைத் தோணிக்காரரிடம் கொடுத்தால் சிறிது நேரத்தில் மாலே. வழியனுப்ப வருகிறவர்களும் கடலைத் தாண்டித்தான் வர வேண்டியிருந்தது. மழைக்காலத்து அலையில் நோயாளியோடு அப்படிக் கடந்தவர்களுக்கு இதில் அழகு ஒன்றும் தெரிந்திருக்காது. மாலேயையும் ஹுலுலேயையும் இணைத்துச் சீன உதவியோடு கட்டிய பாலத்தில் இன்று பஸ்ஸும் டாக்சியும் ஓடுகின்றன. வைத்தியத்துக்குத் திருவனந்தபுரம் போகிற குடும்பம் வீட்டு வாசலிலேயே வண்டி ஏறிவிடலாம். இது பெரிய பேறு.

போனது வேறொன்று. பாய்க்கப்பல் காலத்தில் வெளியார் வருவது மாலே துறைக்கு. வணிகம் பேசி, ஊராரோடு பழகித்தான் திரும்ப முடியும். இன்றைய விருந்தினர் பலர் மாலே மண்ணை மிதிப்பதே இல்லை. ஓடுபாதையிலிருந்து நேராகக் கடல்விமானத்துக்கும், அதிலிருந்து விடுதித் தீவுக்கும் போய்விடுகிறார்கள். கடல்விமானங்கள் பகல் வெளிச்சத்தில் மட்டுமே பறக்கும். ஆகவே மாலை சாய்ந்து வந்து இறங்கி, தொலைவில் அறை எடுத்திருப்பவர் இரவை மாலேயிலோ அருகிலுள்ள ஹுலுமாலே தீவிலோ கழிக்க நேர்கிறது. அவர்கள்தான் கடைத்தெருவில் நடந்து, உள்ளூர்த் தேநீர்க் கடையில் சூரை மீன் பலகாரம் தின்று பார்க்கிறவர்கள்.