தேன் தடவிய எழுத்து!

விஜயதசமி அன்று குழந்தையின் விரலைப் பிடித்து, அரிசியில் "அ" எழுத வைக்கிறோம். யூதர்களிடமும் இதுபோல ஒரு பழைய வழக்கம் இருந்தது. பலகையில் உள்ள எழுத்துகளின்மேல் தேன் தடவுவார்கள். குழந்தை அதை நக்கிச் சுவைக்கும். படிப்பு இனிக்க வேண்டும் என்பது அதன் பொருள்.

இந்த யூதர்கள் நம் நாட்டிலும் பள்ளிக்கூடம் கட்டினார்கள். 1798-ம் ஆண்டில் சிரியாவின் அலெப்போ நகரில் இருந்து ஷாலோம் கோகன் என்ற வியாபாரி கல்கத்தாவுக்கு வந்தார். பிறகு பாக்தாத்தில் இருந்து பலர் வந்தார்கள். 1881-ம் ஆண்டில் தங்கள் பெண் குழந்தைகளுக்காக ஒரு பள்ளியைத் தொடங்கினார்கள்.

குழந்தைகள் எங்கே?

1947-க்குப் பிறகு யூதக் குடும்பங்கள் இஸ்ரேல், இங்கிலாந்து, ஆஸ்திரேலியா என்று புறப்பட்டுப் போயின. ஆயிரக்கணக்கில் இருந்தவர்கள் ஒரு சிலராகக் குறைந்தார்கள். பள்ளிக்கு வர யூதக் குழந்தைகளே இல்லை!

பள்ளியைப் பூட்டினார்களா? இல்லை. மற்றவர்களுக்கும் கதவைத் திறந்துவிட்டார்கள். இன்று அங்கே மழலை வகுப்பு முதல் படிப்பவர்களில் பெரும்பாலோர் முஸ்லிம் சிறுமிகள். "யூதப் பெண்கள் பள்ளி" என்ற பெயர் மட்டும் மாறவில்லை.

ஓசூரில்...

தொழிற்சாலை வேலையை நம்பிப் பல ஊர்க்காரர்கள் குடியேறிய ஊர் ஓசூர். தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது, இந்தி என்று வீட்டுக்கு ஒரு மொழி. அங்கன்வாடிக்கு முதல் நாள் வரும் பிள்ளை, டீச்சர் பேசுவது புரியாமல் அழும். அந்தப் பிள்ளையின் மொழியில் "வா கண்ணு" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அழுகை நிற்கும். மறுநாள் அது தானாக வரும்!